பாளையில் சின்ன அறை, பிசான வைக்கோல், அண்டா அடுப்பு: வீட்டுக் காளானுக்கு எந்த வகை, எப்படித் தொடங்க?

பாளை_செல்வி:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் வீட்டுக்குப் பின்னால் 10க்கு 8 அடியில் ஒரு பழைய விறகறை இருக்கிறது. ஓட்டுக் கூரை, வடக்குப் பார்த்த ஒரு சன்னல், செங்கல் தளம். சேரன்மகாதேவிப் பக்கத்து வயலில் இருந்து வைக்கோல் கிடைக்கும். வீட்டுக்கும் பக்கத்தில் நாலு வீட்டுக்கும் போதுமான அளவு காளான் வந்தால் சரி. ஏசி, ஈரப்பத மெஷின், ஆட்டோகிளேவ் எதுவும் வாங்குவதாக இல்லை. 60 லிட்டர் அண்டா, விறகடுப்பு, கை ஸ்பிரேயர், தராசு இருக்கின்றன.

மூன்று விஷயம் தெரிய வேண்டும்.

சிப்பிக் காளானா, பால் காளானா? நம்ம ஊர் வெயிலுக்கு எது தாங்கும்?

வைக்கோலை வெந்நீரில் போட வேண்டுமா, சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் போதுமா? பார்மலின் என்ற கிருமிநாசினியும் கார்பன்டாசிம் என்ற பூசணக்கொல்லியும் கலந்து ஊறவைக்கும் முறையும் உண்டு என்கிறார்கள். சாப்பிடுகிற பொருளுக்கு அது வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஈரப் பதத்தை எப்படி அறிவது? "கையில் பிழிந்தால் சொட்டக் கூடாது" என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். பிழிகிற கைக்குத் தகுந்தபடி அது மாறுமே.

சாரல்_செங்கோட்டை:

வகையைக் காலம்தான் முடிவு பண்ணும், நாம இல்லை. சிப்பிக்கு அறைக்குள்ள 20 முதல் 30 டிகிரி வேணும், 24க்கும் 28க்கும் நடுவுல இருந்தா ரொம்ப நல்லது. பால் காளானுக்கு 30 முதல் 35.

பாளையில ஐப்பசி பாதியில இருந்து மாசி வரைக்கும் சிப்பி போடலாம். பங்குனி பிறந்துட்டா விட்டுடுங்க, ஓட்டுக்கூரைக்குக் கீழ மத்தியானம் 36, 37 போயிரும். அப்ப பால் காளானுக்கு மாறிக்கோங்க. எங்க பக்கம் கணக்கு வேற. செங்கோட்டை, தென்காசி, குற்றாலத்துல ஆனி ஆடியில சாரல் விழும்போது சிப்பி தானா வரும். அதே ஆனி ஆடியில பாளையிலயும் வள்ளியூர், பணகுடியிலயும் மழை இல்லாம காத்து மட்டும் அடிக்கும். அந்தக் காத்து மலையில மழையைக் கொட்டிட்டு வறண்டு கீழ இறங்குறது. பாத்தா மேகம் போட்டுக் குளிர்ச்சியா இருக்கும், ஆனா மொட்டு எல்லாம் ஒரே மத்தியானத்துல காய்ஞ்சு பழுப்பாயிரும். அந்த மாசங்கள்ல மேற்குப் பக்கத் திறப்பு எல்லாத்தையும் நனைச்ச சாக்கால மூடணும்.

பால் காளான்ல தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998ல வெளியிட்ட ஏபிகே 2 ரகத்தைக் கேட்டு வாங்குங்க. அருப்புக்கோட்டை நிலையத்துல இருந்து வந்த ரகம், நம்ம சூட்டுக்கே பொறுக்கி எடுத்த மாதிரி இருக்கும். காளான் விதைக்கு (சோள மணியில காளான் இழையை வளத்தது) வல்லநாடு பக்கம் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில தாவர நோயியல் துறையில விசாரிங்க. போன் பண்ணி, எந்தத் தேதியில தயார்னு கேட்டுட்டுப் போறது நல்லது.

படப்படி_அண்ணாச்சி:

தங்கச்சி, மூணாவது கேள்விதான் முக்கியமானது. காளான் கெட்டுப்போறதுல பெரும்பங்கு தண்ணிக் கணக்குல. வைக்கோலுக்குள்ள தண்ணி கூடிப் போயிருக்கும், வெளிக் காத்துல ஈரம் குறைஞ்சு போயிருக்கும். பச்சைப் பூசணம், புளிச்ச வாடை, கருகின மொட்டு எதை எடுத்தாலும் இந்த ரெண்டுல ஒண்ணுலதான் கொண்டுபோய் விடும்.

பதத்துக்குக் கையை நம்ப வேண்டாம், தராசை நம்புங்க. நல்லாக் காய்ஞ்ச வைக்கோல் 1 கிலோவுல 100 கிராம் போல ஈரம் ஏற்கனவே இருக்கும். மிச்சம் 900 கிராம்தான் உலர்ந்த பொருள். பையில போடும்போது 65 சதவீதம் ஈரம் வேணும், அப்படின்னா அந்த 900 கிராம் மொத்த எடையில 35 சதவீதமா இருக்கணும். கணக்குப் போட்டா 2 கிலோ 570 கிராம். அதனால 1 கிலோ வைக்கோல் அவிச்சு ஆறின பிறகு 2.5ல இருந்து 2.6 கிலோ நிக்கணும். 3 கிலோ நின்னா 70 சதவீதம், அதுதான் மேல் எல்லை. அதையும் தாண்டினா பை அடியில மஞ்சத் தண்ணி கட்டும், அந்த இடத்துல காத்து இல்லாம அழுகும். அண்டாவுல இருந்து எடுத்த உடனே 3.5 கிலோவுக்கு மேலதான் இருக்கும், பயப்படாதீங்க. வடியவும் ஆறவும் விட்டு எடை இறங்கினதும் போடணும். ரெண்டு மூணு தடவை தராசுல பாத்துட்டா அப்புறம் கைக்கே பதம் தெரிஞ்சிரும்.

இப்ப வைக்கோல். பிசான நெல் போகத்து வைக்கோல் மாசி பங்குனியில அறுத்துக் காயுறது, மழை படாது, அதுதான் காளானுக்கு. கார் போகத்து அறுவடை புரட்டாசி ஐப்பசியில வருது, களத்துல கிடக்கும்போதே வடகிழக்கு மழை பிடிச்சிரும். பாக்க மஞ்சளா இருந்தாலும் கட்டைப் பிரிச்சா சாம்பல் தூசி பறக்கும், மக்கின வாடை வரும். அந்த வைக்கோலை மாட்டுக்கே யோசிச்சுத்தான் போடணும், காளானுக்கு வேண்டவே வேண்டாம். பிசானத்து வைக்கோலையே வருஷத்துக்கும் எடுத்து வச்சுக்கிட்டாப் போச்சு. வைக்கோல் படப்போட மேல் அடுக்கையும் தரையில பட்ட அடி அடுக்கையும் தள்ளிட்டு நடுவுல இருந்து உருவுங்க. மடிச்சா படக்குனு ஒடியணும்.

மெஷின் அறுப்பு வைக்கோல்னா ஒண்ணு கவனிக்கணும். அது நசுங்கிப் பிஞ்சு கிடக்கும், தண்ணியைச் சீக்கிரம் குடிக்கும், பையில கெட்டிச்சுப் போகும். கைக்கதிரடிச்ச வைக்கோலை 5 மணி நேரம் ஊறப்போட்டா இதை 3 மணி நேரம் போட்டாப் போதும்.

2 அங்குல நீளத்துக்கு வெட்டிக்கோங்க, அருவாமணை போதும். 60 லிட்டர் அண்டாவுக்கு ஒரு தடவைக்கு 2 கிலோ உலர்ந்த வைக்கோல்தான் சரியா அடங்கும், அதாவது ரெண்டு பை. ஊறின வைக்கோலைக் கோணிச் சாக்குல கட்டி அண்டாவுல இறக்கி மேல ஒரு கல் வைங்க. கல் வைக்கலேன்னா மிதக்கும், தண்ணிக்கு மேல நிக்கிற பகுதி வேகாது, பின்னாடி பூசணம் அங்க இருந்துதான் கிளம்பும். தண்ணி 80 டிகிரி வந்ததும் நேரத்தைக் குறிச்சு ஒரு மணி நேரம். தெர்மாமீட்டர் இல்லேன்னா, அடியில இருந்து சின்னச் சின்னக் குமிழ் வந்துகிட்டே இருக்கணும், தளதளன்னு கொதிக்க வேண்டாம். ரொம்ப நேரம் கொதிக்க வச்சா வைக்கோல் கூழாகிச் சத்து தண்ணியோட போயிரும்.

எடுத்த வைக்கோலை டெட்டால் தண்ணியில துடைச்ச நைலான் கயித்துக் கட்டில்ல, வீட்டுக்குள்ளயே பரப்பி ஆறவைங்க. மொட்டை மாடியில காயப்போட்டா தூசியோட பூசண வித்தும் சேந்து விழும், வேகவைச்சதுக்கே அர்த்தம் இல்லாமப் போயிரும். தொட்டா சூடு துளியும் தெரியக் கூடாது.

பை 12க்கு 24 அங்குலம், ரெண்டு பக்கமும் திறந்த பாலித்தீன் குழாய். அடியை நூல்ல இறுக்கிக் கட்டி உள்பக்கமாத் திருப்பிவிட்டா அடி வட்டமா உக்காரும். நடுவுல எதிரெதிரா 1 செ.மீ. அளவுல ரெண்டு ஓட்டை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி ஸ்பிரிட் தடவிட்டு, 2 அங்குலம் வைக்கோல், அதுக்கு மேல 30 கிராம் விதை, மறுபடி வைக்கோல்னு 5 அடுக்கு போடுங்க. விதையில பெரும்பங்கு ஓரத்துல விழட்டும். காளான் வெளியே வர்றது ஓரத்துல, பூசணம் முதல்ல பிடிக்கிறதும் ஓரத்துல. ஆக 1 கிலோ உலர் வைக்கோலுக்கு 150 கிராம் விதை. கையால அமுக்கி நிரப்புங்க, உள்ள வெத்திடம் இருந்தா, விதையில இருந்து படர்ற வெள்ளை இழை அங்க நின்னு போகும்.

விதையைப் பாத்து வாங்கணும். சோள மணி தெரியாத அளவுக்கு வெள்ளை மூடியிருக்கணும், காளான் வாசம் வரணும். பச்சை, கருப்பு, கொழகொழப்பு, புளிப்பு வாடை எது இருந்தாலும் திருப்பிக் கொடுத்துருங்க. சிப்பி விதையைப் பிரிட்ஜில கொஞ்ச நாள் வைக்கலாம். பால் காளான் விதைக்குக் குளிர் ஆகாது, நிழல்ல வெளியிலயே வச்சுச் சீக்கிரம் போட்டுருங்க.

பையை உறி மாதிரிக் கட்டித் தொங்கவிடுங்க, தரையில இருந்து ஒரு அடி உயரம், பைக்கும் பைக்கும் அரை அடி இடைவெளி. இடைவெளி எதுக்குன்னா, இழை படரும்போது பைக்குள்ள சூடு அறையை விட 3, 4 டிகிரி கூடும். அறை 32 இருந்தா உள்ள 36 ஆகி, சிப்பி அப்படியே நின்னு போகும். இருட்டா இருக்கட்டும், 15 முதல் 20 நாள்ல பை முழுக்க வெளுத்துரும்.

வெளுத்த பிறகு பையை முழுசா உரிச்சு எடுக்கிறது ஒரு வழக்கம். மழைக் காலத்துக்கு அது சரி. பாளையில மத்த நாள்ல உரிக்காதீங்க, 2 அங்குலத்துல 6 இல்ல 8 இடத்துல பெருக்கல் குறி மாதிரிக் கீறிவிடுங்க. கீறின இடத்துல மட்டும் கொத்து வரும், மிச்ச வைக்கோல் காயாது. 3, 4 நாள்ல மொட்டு தெரியும், அதுல இருந்து 3 நாள்ல பறிக்கலாம்.

வாரத்துக்கு ரெண்டு பைன்னு போட்டுக்கிட்டே வந்தா ஒரு பை சுமார் 50 நாள் அறையில இருக்கும், 14, 15 பை எப்பவும் தொங்கும். உங்க அறைக்கு இது தாராளம். 1 கிலோ உலர் வைக்கோல்ல மூணு பறிப்புக்கும் சேத்து 700 கிராம் முதல் 1 கிலோ வரைக்கும் எதிர்பாருங்க. அதுக்கு மேல சொல்லி யாராவது பயிற்சிக்குக் காசு கேட்டா ஒதுங்கிக்கோங்க.

கிளிஞ்சல்_காரர்:

அண்ணாச்சி சொன்ன தராசுக் கணக்கை எல்லாரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விறகு விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. நல்ல பிசான வைக்கோலாக இருந்தால் அடுப்பே மூட்ட வேண்டாம், சுண்ணாம்பு போதும். காரணத்தோடு சொல்கிறேன்.

நீற்றிய சுண்ணாம்பு கரைந்த தண்ணீரின் கார அளவு (pH) 12க்கு மேல் போகும். அதில் பெரும்பாலான பூசணங்களும் பாக்டீரியாவும் பிழைக்காது. வெளியே எடுத்து வடித்ததும் காற்றில் உள்ள கரியமில வாயு பட்டுச் சுண்ணாம்பு மெல்ல மெல்லச் சாதுவாகும், கார அளவு 8, 9 பக்கம் இறங்கும். சிப்பி இழை அதைப் பொறுத்துக்கொண்டு வளரும். பச்சைப் பூசணத்துக்குப் புளிப்புப் பக்கம்தான் பிடிக்கும், காரத்தில் அது சுணங்கும். வெந்நீரில் போட்டால் வேகும் நேரத்தோடு பாதுகாப்பு முடிந்தது. சுண்ணாம்பு பைக்குள் போன பிறகும் சில நாள் காவல் இருக்கும்.

அளவு: 100 லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ. ஒரு லிட்டரில் 2 கிராமுக்கும் குறைவாகத்தான் சுண்ணாம்பு கரையும், பிறகு ஏன் 5 கிராம் என்றால், வைக்கோலில் இருந்து இறங்கும் புளிப்பு சுண்ணாம்பைத் தின்றுகொண்டே இருக்கும். அடியில் மிச்சம் இருந்தால்தான் கரைந்து ஈடுகட்டும். 16 முதல் 18 மணி நேரம் கல் வைத்து அமுக்கி ஊறவையுங்கள். எடுத்த பின் அலச வேண்டாம். சாக்கோடு தொங்கவிட்டு இரவு முழுக்க வடியவிட்டு, 2.6 கிலோ எடைக்கு வந்ததும் நிரப்புங்கள்.

எந்தச் சுண்ணாம்பு என்பதில் பலருக்குத் தவறும். மக்னீசியம் அதிகம் கலந்த கல்சுண்ணாம்பு சரிப்படாது. நமக்குத் தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைக்கிறது, சிப்பி ஓடு சுட்டதால் அதில் மக்னீசியம் மிகக் குறைவு. சுட்ட கிளிஞ்சலாக வாங்கி வீட்டில் நீற்றுவதுதான் நம்பகம். ஆனால் அது தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளியில் நீற்றாதீர்கள், இரும்புச் சட்டி வேண்டும். கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு, பிள்ளைகள் இல்லாத இடத்தில் செய்யுங்கள். திறந்த மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்த சுண்ணாம்பு காற்றுப் பட்டு வெறும் சுண்ணாம்புக்கல் தூளாக மாறியிருக்கும், அதைக் கரைத்தால் தண்ணீர் வெளுக்கும், வேலை நடக்காது. சோதனை எளிது. மஞ்சள் தடவிய காகிதத்தில் அந்தத் தண்ணீரை வைத்தால் சிவக்க வேண்டும். சிவக்கவில்லை என்றால் தூர எறியுங்கள். சிவந்துவிட்டதாலேயே வீரியம் போதும் என்று அர்த்தமில்லை, குறைந்த காரத்துக்கே மஞ்சள் சிவக்கும். 12 மணி நேரம் கழித்தும் அடியில் வெள்ளை வண்டல் மிச்சம் இருக்கிறதா, மேலே மெல்லிய மொறுமொறு ஏடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் நல்ல சுண்ணாம்பு.

பயன்படுத்திய தண்ணீரை வாய்க்காலிலோ ஆற்றிலோ விடக் கூடாது, செடிக்கும் ஊற்றக் கூடாது. இரண்டு மூன்று நாள் திறந்து வைத்துத் தெளிந்த பிறகு களத்து ஓரத்தில் கொட்டலாம்.

பார்மலின், கார்பன்டாசிம் வேண்டாம் என்று செல்வி நினைப்பது சரியான முடிவு. 100 லிட்டருக்குப் பார்மலின் 125 மில்லி, கார்பன்டாசிம் 7.5 கிராம் என்பது அந்த முறையின் அளவு. நூற்றுக்கணக்கில் பை போடுகிறவர்கள் விறகுக்கும் ஆளுக்கும் ஈடாக அதை எடுக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு பை போடும் வீட்டில் அதற்குத் தேவையே இல்லை. பார்மலின் ஆவி கண்ணையும் மூச்சையும் தாக்கும்.

படப்படி_அண்ணாச்சி:

கிளிஞ்சல்காரர் சொல்றது புது வைக்கோலுக்கு ஒத்துவரும். புரட்டாசிக்கு மேல படப்பு ஆறேழு மாசம் பழசாயிரும், அதுக்குள்ள ஈ முட்டையும் சிலந்திப்பூச்சியும் குடியிருக்கும். அந்தச் சமயத்துல வெந்நீர்தான். சித்திரை, வைகாசியில சுண்ணாம்பு, மழைக்காலத்துல அடுப்புன்னு வச்சுக்கிட்டா விறகும் மிச்சம். ஒரே வைக்கோலுக்கு ரெண்டையும் சேத்துச் செய்ய வேண்டாம்.

பாளை_செல்வி:

ரொம்ப நன்றி அண்ணாச்சி, மற்ற எல்லாருக்கும். தராசுக் கணக்கு எனக்கு வேண்டிய பதிலே. இன்னும் மூன்று: பைக்குள் வேறு நிறம் தெரிந்தால் எதைக் காப்பாற்றலாம், எதை உடனே வெளியேற்ற வேண்டும்? அறையின் ஈரப்பதத்தை மீட்டர் இல்லாமல் எப்படி அறிவது? பால் காளானுக்கு மேலே மண் போட வேண்டும் என்கிறார்கள், நம்ம ஊரில் எந்த மண்?

இழை_படிப்பு:

முதல் இரண்டுக்கு நான் எழுதுகிறேன்.

பச்சைப் பூசணம்: டிரைக்கோடெர்மா. முதலில் காளான் இழையைப் போலவே வெள்ளையாகத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் நடுவில் இருந்து பச்சையாகும். விதை மணிகளைச் சுற்றி மட்டும் பச்சை வந்தால் விதையே கெட்டது. பையில் ஒரு பக்கம் மட்டும் வந்தால் அந்தப் பக்க வைக்கோல் வேகவில்லை அல்லது ஊறவில்லை. எல்லாப் பையிலும் ஓட்டையைச் சுற்றி வந்தால் அறைக் காற்றில் இருந்து வருகிறது. இடத்தைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும், அதனால் தூக்கி எறியும் முன் ஒரு நிமிடம் பாருங்கள். ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குள் ஒன்றோ இரண்டோ இருந்து சுற்றிலும் வெள்ளை இழை அடர்த்தியாக இருந்தால் பையைத் தனியே தள்ளி வையுங்கள், பல நேரம் காளான் அதைச் சூழ்ந்து மூடிவிடும். அதைவிடப் பெரிதானால், அல்லது 10 நாளுக்குள் வந்தால், பையைத் திறக்காமலே அறையை விட்டு எடுத்துப் போய் மண்ணில் புதையுங்கள். அறைக்குள் திறந்தால் பச்சைத் தூள் பறந்து அடுத்த வாரத்துப் பைகளில் உட்காரும்.

கறுப்புக் குடை: மெல்லிய தண்டு, சாம்பல் குடை, ஒரே நாளில் மையாகக் கரைந்து வழியும். வைக்கோல் ஈரம் அதிகம், வேக்காடு குறைவு என்பதன் அடையாளம் இது. பையைக் கெடுக்காது, ஆனால் விளைச்சலைக் குறைக்கும். பிடுங்கி எறியுங்கள். நாம் விதைத்த காளானைத் தவிர அந்தப் பையில் எது முளைத்தாலும் சமையலுக்கு எடுக்கக் கூடாது, பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

புளித்த அல்லது சாக்கடை வாடை, பழுப்புத் தண்ணீர்: பாக்டீரியா. காரணம் ஈரம், அல்லது சூடு ஆறாமல் நிரப்பியது. காப்பாற்ற வழியில்லை.

குடையில் மஞ்சள் கறை, பிசுபிசுப்பு: மொட்டின் மேல் தெளித்த தண்ணீர் உலராமல் நின்றது. சுவரிலும் தரையிலும் சாக்கிலும் தெளியுங்கள், காளான் மேல் வேண்டாம். உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீரைத் தெளிக்கவே வேண்டாம்.

நோய் இல்லாமல் உருவம் மட்டும் கெடுவதும் உண்டு. தண்டு நீண்டு குடை சிறுத்தால் கரியமில வாயு தேங்கியிருக்கிறது. காளானும் மூச்சு விடுகிறது, மூடிய அறையில் அது விட்ட காற்றே அதை அமுக்கும். காலையும் மாலையும் அரை மணி நேரம் சன்னலும் கதவும் திறந்திருக்கட்டும். கொஞ்சம் வெளிச்சமும் வேண்டும், செய்தித்தாள் வாசிக்கும் அளவு போதும். வெளிச்சமே இல்லாவிட்டாலும் இப்படித்தான் நீளும்.

ஈ: சின்னக் கறுப்பு ஈக்கள் காளான் வாசத்துக்கு வந்து முட்டையிடும், புழு இழையைத் தின்னும். சன்னலுக்கும் கதவுக்கும் கொசுவலையை விட நெருக்கமான நைலான் வலை போடுங்கள். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி பல்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் ஒட்டிக்கொள்ளும். பறித்த பின் தண்டு மிச்சம் வைக்காமல் சுரண்டி எடுங்கள். அழுகும் மிச்சம்தான் ஈயை அழைக்கிறது.

ஈரப்பதத்துக்கு இரண்டு சாதாரண தெர்மாமீட்டர் போதும். ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணி சுற்றி, துணியின் நுனியைத் தண்ணீர்ச் சீசாவில் விடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, விசிறியால் ஒரு நிமிடம் வீசிவிட்டுப் பாருங்கள். உலர்ந்தது 28 காட்டும்போது நனைந்தது 26 காட்டினால் ஈரப்பதம் சுமார் 85 சதவீதம். வித்தியாசம் 3 டிகிரி என்றால் 78, 5 டிகிரி என்றால் 64. மொட்டு வரும் நாட்களில் 80க்குக் கீழே போக விடாதீர்கள். ஆக, வித்தியாசம் 3ஐத் தொடும் முன்பே தெளிக்க வேண்டும். செங்கல் தளத்தில் 3 அங்குல ஆற்று மணல் பரப்பி நனைத்து, சுவரோரம் ஈரச் சாக்குத் தொங்கவிட்டால், தெளிக்கும் தடவை பாதியாகக் குறையும்.

பறிப்பு: குடை ஓரம் கீழ்ப்பக்கம் வளைந்திருக்கும்போதே கொத்தோடு திருகி எடுங்கள். ஓரம் தட்டையாகி மேலே திரும்பினால் வெள்ளைத் தூளாக வித்து கொட்டும். மூடிய அறையில் அதை நாள்தோறும் சுவாசித்தால் சிலருக்கு இருமலும் இளைப்பும் வரும். ஆஸ்துமா இருப்பவர்கள் முகக்கவசம் இல்லாமல் அறைக்குள் போகவே கூடாது.

வள்ளியூர்_தோட்டம்:

பால் காளான் மண்ணுக்கு நான் சொல்றேன். பை போடுறது வரைக்கும் எல்லாம் சிப்பி மாதிரியே. வெளுத்த பிறகு உருளையை நடுவுல சுத்தமான கத்தியால குறுக்கா வெட்டி ரெண்டு பாதியாக்குங்க. வெட்டுமுகம் மேல இருக்கணும், பிளாஸ்டிக்கை உரிக்காம ஓரத்தை மட்டும் நிமித்தி விடுங்க. வெட்டுமுகத்தைச் சமமா அமுக்கி, அதுக்கு மேல 2 செ.மீ. மண்.

தனிக் கரிசல் வேண்டாம், ஈரம் போனதும் சுருங்கி வெடிக்கும், வெடிப்புல மொட்டு அறுந்து போகும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல் மட்டும் போட்டா ஒரு நாள் கூடத் தண்ணி நிக்காது. தோட்டத்துச் செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து சலிச்சுக்கோங்க. எரு போட்ட பாத்தி மண் வேண்டாம். கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் தூள் சேத்தா கார அளவு 8ஐ ஒட்டி வரும். மண்ணை நனைச்சுத் துணியில கட்டி இட்லிக் கொப்பரையில ஒரு மணி நேரம் ஆவியில வேகவச்சு, மூடியோட ஆறவிட்டுப் போடுங்க. வேகாத மண் போட்டா பூசணம் மட்டும் இல்ல, நூற்புழுவும் வரும்.

மண் போட்டதுல இருந்து தினமும் லேசாத் தெளிக்கணும், மண் ஈரமா இருக்கணும், கீழ வைக்கோலுக்குத் தண்ணி இறங்கக் கூடாது. 8 முதல் 10 நாள்ல ஊசி முனை மாதிரி மொட்டு, அதுக்கு மேல ஒரு வாரத்துல பறிப்பு. சிப்பியை விட இதுக்கு வெளிச்சம் நிறைய வேணும். உங்க ஓட்டுக் கூரையில நாலு ஓடுகளை எடுத்துட்டுக் கண்ணாடி ஓடு போட்டுக்கோங்க, வெயில் நேரா பை மேல விழாதபடி அதுக்குக் கீழ ஒரு நீலத் தார்ப்பாய். பறிச்ச பிறகு குழி விழுந்த இடத்துல அதே வேகவச்ச மண்ணை நிரப்பித் தட்டிவிட்டா அடுத்த சுற்று வரும்.

இன்னொரு சௌகரியம், பால் காளான் பறிச்சு மூணு நாள் வெளியில இருந்தாலும் வாடாது. சிப்பி அன்னைக்கே குழம்புக்குப் போகணும், இல்லேன்னா ஓட்டை போட்ட கவர்ல பிரிட்ஜுக்கு. மிஞ்சினா சிப்பியைக் கிழிச்சு வலைக்குள்ள ரெண்டு நாள் வெயில்ல காயவைங்க, 1 கிலோ 100 கிராம் ஆகும், காத்துப் புகாத டப்பாவுல கிடக்கும். முடிஞ்ச பையில உள்ள வைக்கோலை வாழைக்கு அடியில மூடாக்காப் போடலாம், மண்புழுத் தொட்டியிலயும் போடலாம். பச்சை பிடிச்ச பையை மட்டும் கொட்டகைப் பக்கமே சேக்காதீங்க.